அம்பாசிடர் காரில் "டப்... டப்..." சத்தம்! கேஸ்கட் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்த சொந்தக்காரர்கள்

பின் சீட்டில் வந்து உட்காரும் விஷப்புகை

புதுக்கோட்டை:-

காலை 6 மணி. ஷெட் கதவைத் திறந்து சாவியைத் திருகுகிறார் கார்க்காரர். வண்டி கிளம்பி விடுகிறது. கூடவே பானெட்டுக்குள் இருந்து "டப்... டப்... டப்..." என்று சத்தம்.

10 நிமிடம் ஓடியதும் சத்தம் அடங்கி விடுகிறது. "சரியாப் போச்சு" என்று அவரும் விட்டு விடுகிறார்.

மறுநாள் காலையில் மறுபடியும் அதே "டப்... டப்..."

பட்டறைக்குக் கொண்டு போனால், "மேனிபோல்டு கேஸ்கட் போயிருச்சுண்ணே" என்கிறார் மெக்கானிக். புது கேஸ்கட் போடுகிறார். ஒரு மாதம் சத்தமே இல்லை. அப்புறம், பழைய குருடி கதவைத் திறடி!

புதுக்கோட்டை மாவட்டத்தில் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீட்டு ஷெட்டில் நிற்கும் கார் ஆனாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் கார் ஆனாலும் சரி, வியாதி ஒன்றுதான்.

மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலை 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தி விட்டது. ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

3 வாசல், 4 சிலிண்டர்

என்ஜினில் எரிந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பு இரும்புக் கிளைதான் எக்சாஸ்ட் மேனிபோல்டு. அதற்கும் என்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கட்.

பழைய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் 4 சிலிண்டர். ஆனால் புகை வெளியேற 3 வாசல்தான்! நடு வாசல் வழியாக 2 சிலிண்டரின் புகை வருகிறது. பாவம், அந்த இடம்தான் அதிகமாகச் சூடாகிறது.

சுமையோடு ஓடும்போது புகையின் சூடு 600, 700 டிகிரி வரை போகும். வண்டியை நிறுத்தினால் ஆறி விடும். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி... பல வருடம் இப்படியே போனால் இரும்பும் வளையத்தான் செய்யும்.

வளைந்த இரும்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எத்தனை புது கேஸ்கட் வைத்தால் என்ன? இடைவெளி உள்ள இடத்தில் புகை கிழித்துக் கொண்டு வந்து விடும். குற்றவாளி வேறு இடத்தில் இருக்க, தண்டனை கேஸ்கட்டுக்கு!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் இன்லெட் மேனிபோல்டும் இதே பக்கம்தான் இருக்கிறது. ஒரே நட்டும் வாஷரும் இரண்டின் காதையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒரு காது தடித்து, இன்னொன்று மெலிந்து இருந்தால் வாஷர் தடித்த காதை மட்டும்தான் அமுக்கும். மற்றது லூஸ்.

"வேர்த்துக் கொட்டுது தம்பி"

சத்தம் மட்டும் என்றால் காதைப் பொத்திக் கொள்ளலாம். ஆனால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதை விட இது 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக் கொள்கிறது. முதலில் தலைவலி. அப்புறம் தலை சுற்றல், வாந்தி, தூக்கம்.

பின் சீட்டில் இருக்கும் ஆச்சி, "தலையைச் சுத்துது, வேர்த்துக் கொட்டுது தம்பி" என்றால் பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். பானெட்டைத் திறந்து பார்ப்பவர் யார்?

மழை என்று கண்ணாடியை ஏற்றி விட்டால் ஆபத்து அதிகம். கிளட்ச், ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் போயிருந்தால் பானெட்டுக்குள் கசியும் புகை அந்த வழியாக நேரே உள்ளே வந்து விடும்.

கேரள மாநிலம் வடகரையில் 2024 டிசம்பரில் ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தனர். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஜெனரேட்டர், இது கார். விஷம் ஒன்றுதான்.

துப்பு துலக்குவது எப்படி?

"டப் டப்" சத்தத்தை டேப்பட் சத்தம் என்று நினைத்து, டேப்பட்டை முறுக்கிக் கெடுத்தவர்கள் உண்டு. சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் கேஸ்கட் கசிவு. சூடான பிறகும் கேட்டால் டேப்பட்டைப் பார்க்கலாம்.

மேனிபோல்டு ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கிறதா? அங்கேதான் ஓட்டை. என்ஜின் ஆறி இருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழி காட்டிக் கொடுத்து விடும். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை கூடவே கூடாது.

கழற்றிய பிறகு இரும்பு ஸ்கேலை மேனிபோல்டு முகத்தில் வைத்து, அடியில் பில்லர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். தகடு நுழைந்தால் வளைவு உறுதி.

அப்புறம் லேத் பட்டறைதான் கதி. இன்லெட், எக்சாஸ்ட் இரண்டையும் காரில் இருக்கிற மாதிரியே சேர்த்து மாட்டி, ஒரே மட்டமாக முகத்தைச் சீவ வேண்டும். தனித்தனியாகச் சீவினால் மட்டம் மாறும். காசு போனது போனதுதான்.

ஸ்டட் இழுபட்டு மரை தேய்ந்திருந்தால் புதுசு போட வேண்டும். நட்டு பித்தளையில் போட்டால் துருப்பிடித்து இறுகாது. அடுத்த தடவை கழற்றும்போது ஸ்டட் ஒடிந்து ஹெட்டோடு நிற்கும் தலைவலி இல்லை.

பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு எமன். பல பட்டறைகளில் சின்னப் பையன்கள் காய்ந்த கேஸ்கட்டைச் சுரண்டி, வாயால் ஊதுகிறார்கள். தண்ணீர் விட்டு நனைத்துச் சுரண்டினால் தூசு பறக்காது. இதற்குக் காசும் செலவில்லை.

சைலன்சர் தொங்குகிறதா?

இவ்வளவு செய்தும் கசிகிறதா? காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் பட்டை அறுந்திருந்தால் குழாயின் முழு எடையும் மேனிபோல்டில் தொங்கும். என்ஜின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தாலும் கிளட்சை விடும்போதெல்லாம் என்ஜின் ஆடி, குழாயைப் பிடித்து இழுக்கும். 100 ரூபாய் ரப்பரைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் உண்டு.

புது கேஸ்கட் போட்டதும் நடுவில் இருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிச் சமமாக முறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் ஸ்டட் அறுந்து விடும்.

திருச்சி வரை ஒருமுறை ஓட்டி வந்து, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை நட்டுகளை இறுக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப் போவது இந்தக் கடைசி வேலைதான். அதற்காக வண்டியை மறுபடி கொண்டு வரச் சொன்னால், "எதுக்கு அலையணும், அதான் சத்தம் நின்னு போச்சே" என்கிறார் கார்க்காரர்.