ஒரு நிமிஷ ஔஷதம்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் எழுந்து, மட்டக்களப்பு வாவியின் உவர்நீரைச் சிலிர்க்கச் செய்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்பக்கம் போகிற நண்பகல் வேளைகளில், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் வதனங்கள் எண்ணெயும் வியர்வையும் புழுதியும் ஒன்றாய்ப் படிந்து மினுங்குவதை இவ்வூரில் காணாதவர் இல்லை. அப்படியொரு கச்சான் காலத்தில்தான், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மருமகள், பாமசியில் யாரிடமும் ஒன்றும் விசாரியாமல், பென்சொயில் பெரொக்சைட் 10 சதவீதம் கலந்த முகங்கழுவும் மருந்தொன்றை வாங்கிவந்து, காலை, மத்தியானம், இரவு என மூவேளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். ஒரு வாரத்தில் பரு போகவில்லை. மூக்கோரத்துத் தோல்தான் உரிந்து போயிற்று.

“மாமா, நல்லா எரியுது. எரிஞ்சாத்தானே மருந்து பிடிக்குதெண்டு அர்த்தம்?”

“இல்ல மனே. எரிஞ்சா தோல் அழுவுதெண்டு அர்த்தம்.”

எரிச்சலைக் குணத்தின் அடையாளமாகக் கொள்ளும் இந்த மயக்கம் அவளுக்கு மட்டும் உரியதன்று. புண்ணில் உப்பு நீர் பட்டால் ஆறும் என்று கேட்டு வளர்ந்த நம் எல்லோருக்கும் உரியது. ஆனால் இந்த மருந்தின் சுபாவமோ வேறு. பரு என்பது அழுக்கினால் வருவதன்று. யௌவனப் பருவத்தில் சுரப்பிகள் மிகுதியாய்ச் சுரக்கும் எண்ணெயும் உதிர்ந்த தோற்கலங்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைத்துக்கொள்ள, பிராணவாயு எட்டாத அந்த இருட்டுக்குள் இயல்பாகவே வசிக்கின்ற ஒரு கிருமி பெருகுவதாலும், அதனை எதிர்த்துச் சருமம் சினப்பதாலும் விளைவது. பென்சொயில் பெரொக்சைட் அந்தத் துளைக்குள் பிராணவாயுவை விடுவித்துக் கிருமியைக் கொல்லுகிறது. அன்ரிபயோட்டிக்குகளுக்குப் பழகிப்போய்ச் சாகாமல் நிற்கக் கற்றுக்கொள்ளும் கிருமிகள் இதற்கு மட்டும் பழகுவதில்லை. 1986இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, சினந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றே என்றும், எரிச்சல் மட்டுமே பத்தில் அதிகம் என்றும் காட்டிற்று. காசு கொடுத்து எரிச்சலை வாங்கினாள் என் மருமகள்.

கழுவும் மருந்தின் சிறப்பே, பூசும் களிம்பைப் போல இராமுழுதும் தங்காமல், சிறிது நேரம் தன் வேலையைச் செய்துவிட்டு நீரோடு போய்விடுவதில் இருக்கிறது. இளஞ்சூட்டு நீரில் முகத்தை நனைத்து, விரல் நுனிகளால் மெல்லப் பரப்பி, உறையில் எழுதியுள்ள அவ்வளவு நேரம், பெரும்பாலும் ஒரு நிமிஷமோ சற்றுக் கூடவோ, விட்டுக் கழுவி, துவாயால் ஒற்றி எடுத்து, எண்ணெய்ப் பசையற்ற ஈரக் கிறீமொன்றைத் தடவுவதே முறை. முதலில் ஒன்றுவிட்டொரு நாள். தோல் பொறுத்துக்கொண்டால் தினமும் ஒருமுறை. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்தே பலனைத் தீர்மானிக்கவேண்டும். இத்தகைய மருந்துகளாற் சிலருக்கு அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை நேர்ந்ததை அறிந்து, முதல் மூன்று நாட்கள் சிறிய இடமொன்றில் மட்டும் இட்டுப் பார்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் அறிவுறுத்தியது. தொண்டை இறுகினாலோ கண்ணோ உதடோ வீங்கினாலோ அது காத்திருக்கவேண்டிய விஷயமன்று. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இனி, நாற்பதை நெருங்கும் ஒரு மாது, விறகடுப்பின் முன் நின்று மீன்குழம்பு இறக்கியதும், சூடான பிளேன்டீ குடித்ததும், கன்னமும் மூக்கும் குபீரென்று காந்துகின்றன என்றும், நாளடைவில் அங்கே சிறு கொப்புளங்களும் வந்தன என்றும் சொல்வாளாயின், அவளுக்கு மகளுடைய பரு மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவதே வீட்டு வழக்கம். அது ரோசேசியா என்ற வேறொரு வியாதியாக இருக்கக்கூடும். வெள்ளைத் தோலில் சிவந்து தெரிகிற அது, நம்முடைய மாநிறத்தில் மறைந்து நிற்பதால், ‘வெயில் சூடு’ என்ற பேரோடு வருஷக்கணக்கில் கழிந்துவிடுகிறது. பருவில் காணும் கரும்புள்ளிகள் இதில் இல்லை, காந்தலே முதற்குறி. இதற்கு வாசனையற்ற மிருதுவான கழுவியே உகந்தது. சில தேசங்களில் சல்பாசிட்டமைட் 10 சதவீதமும் கந்தகம் 5 சதவீதமும் சேர்ந்த கழுவியை வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. கந்தகம் நம் சித்த வைத்தியத்துக்கும் பழைய உறவுதான். ஆயினும் சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்கள் அந்தக் கலவையைத் தொடலாகாது. மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவற்றில் எது பொருந்தும் என்பதைப் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் கேட்டறிவதே உசிதம்; அங்கே செலவுமில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சமூட்டுவது, ‘முகம் வெளுக்கும்’ என்று கைமாறுகிற ஸ்டீரொயிட் களிம்புதான். பூசிய சில தினங்களில் பரு அடங்கும், நிறமும் தெளியும். மாதங்கள் கழியத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, விட்டவுடன் முன்னிலும் மோசமாய்ப் பொங்கும். இந்தியா 2018இல் இவ்வகைக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று ஆணையிட்டது இதனாலேதான். நெடுநாள் பூசியவர்கள் தாமாக ஒரேயடியாய் நிறுத்தாமல் வைத்தியரிடம் போவது நலம்.

உஷ்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சொயில் பெரொக்சைட் சூட்டில் சிதைந்து பென்சீன் என்னும் நஞ்சாகக்கூடும் என 2024 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்று கிளப்பிய சந்தேகத்தைத் தொடர்ந்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 95 பொருள்களைச் சோதித்தது. மிகப் பெரும்பாலானவற்றில் அது இல்லை, அல்லது அற்பமே என்று 2025இல் அறிவித்து, சிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து மீட்கச் செய்தது. தகரக் கூரையின் கீழ், குளியலறை யன்னலில், கச்சான் வெயிலுக்கு நேரே மருந்தை வைக்கும் நம்மவர்க்கு இது வெறுஞ் செய்தியன்று.

மருமகளின் குழாய் இப்போது நடு அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, 2.5 சதவீதம், இரவில் ஒருமுறை. கோதுமை மாவை வெளுக்கவும் பயன்பட்ட இரசாயனம் அல்லவா, அவளுடைய நீலத் துவாயிலும் தலையணை உறையிலும் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள் விழுந்திருந்தன. மருந்தின் வேலைதான் அது என்று இருமுறை எடுத்துச் சொல்லியும், அவள் தாயான என் தங்கச்சி நம்பவில்லை. சவர்க்காரத் தூளின் மேல் பழியைப் போட்டு, வேறு தூள் வாங்கிவிட்டாள்.