நீலக்கனியும் நாவற்கனியும்

வட அமெரிக்காவுக்கு உரிய சிறுகனி புளூபெரி. அந்நிலத்துத் தொல்குடிகள் அதனைப் பறித்துண்டும் உலர்த்திச் சேமித்தும் பயன்கொண்டனர். நியூ ஜேர்சியில் எலிசபெத் வைற் என்னும் அம்மையார் தாவரநூல் அறிஞர் ஒருவரோடு கூடி அதனைத் தோட்டப் பயிராக்கினார். 1916 ஆம் ஆண்டில் அதன் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது.

இன்று நம் நகரங்களிலும் அருவிலைக்கு விற்கப்படும் அக்கனியின் சிறப்பு யாது? 100 கிராமில் ஏறத்தாழ 57 கலோரியே உண்டு. நார்ப்பொருளும் உயிர்ச்சத்துக்களும் உள. அதன் நீலம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருளால் அமைந்தது. குருதிக் குழாய்கள் செவ்வனே இயங்க அப்பொருள் துணைபுரியும் என்பதற்கு ஆய்வுகள் சான்று தருகின்றன.

நமது நாவற்கனியைக் கருநீலமாக்குவதும், உண்டார் நாவிற் சாயமிடுவதும் அவ்வினப் பொருளே. ஆயினும் பருவந்தோறும் மரத்தடியில் மிதிபட்டழியும் அக்கனியை நாம் மதிப்பதில்லை. கடல் கடந்து வந்ததே சிறந்ததென்பது பேதைமையன்றோ!

ஈண்டு ஒன்று கூறுதல் கடன். நாவற்கொட்டைப் பொடியை நீரிழிவுக்கு நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். எனினும், அதனையோ கனியையோ நம்பி, மருத்துவர் விதித்த மருந்தைக் கைவிடுதல் உயிருக்கே ஊறாகும். நாவல் நல்லுணவு, மருந்துக்கு மாற்றன்று. மரத்தைத் தறியாது காப்போம். கனியைச் சிறார்க்கு ஊட்டுவோம்.