சாந்தா டாக்டரம்மா எடுத்த முடிவு



"பொண்ணு டாக்டருக்குப் படிச்சா பிரசவம் பார்க்கட்டும்" என்றுதான் அந்தக் காலத்தில் பேச்சு. 1927-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்த வி. சாந்தாவும் 1949-ல் எம்.பி.பி.எஸ். முடித்து, 1955-ல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். தேர்வாணையம் மூலம் எழும்பூர் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. அரசாங்க வேலை! நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தால் விடுவோமா?

அவர் விட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். அந்த நோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. வளாகத்திலேயே குடியிருந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் வைத்தியம் நடந்தது. 2005-ல் மகசேசே விருது வந்தது. 2021-ல் 93 வயதில் இறக்கும் வரை அங்கேயேதான் இருந்தார்.

வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று 1980-களிலிருந்து கணக்கெடுத்தார்கள். அப்போது பெண்களிடம் அதிகம் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று சென்னையில் மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. ஆனாலும் கர்ப்பப்பை வாய் நோய் போய்விடவில்லை.

இதில் நம் பெண்கள் செய்வது என்ன? மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படும், உறவுக்குப் பின் ரத்தம் வரும், நாற்றத்தோடு வெள்ளைப்படும். "சூடுதான்" என்று மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். வெளியே சொல்ல வெட்கம். (கடன் தவணையைப் பற்றி மட்டும் கூட்டத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம்!) சாந்தா டாக்டரம்மா காலமெல்லாம் சொன்னது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதுதான்.

இந்த நோய் முற்றப் பல வருஷம் பிடிக்கும். அதனால் தொந்தரவு இல்லாதபோதே சோதிக்க வேண்டும். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். வினிகர் போன்ற திரவத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். மாற்றம் உள்ள இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். மாதவிலக்கு நாளில் மட்டும் போகாதீர்கள். குழுவில் நாலு பேராகச் சேர்ந்து நர்சம்மாவிடம் தேதி கேட்டுப் போனால் வெட்கமும் பாதி குறையும்.