சம்சாரியின் வண்டி

வீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் பாக்கியம் நத்தை ஒன்றுக்குத்தான் உண்டு என்று வெகுகாலம் எண்ணியிருந்தோம். வெள்ளைக்காரர்கள் அதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த கேரவன் வண்டியில் நாயையும் ஏற்றிக்கொண்டு, மனித சஞ்சாரமற்ற பாதைகளில் மாதக் கணக்கில் போகிறார்கள். ஆஸ்திரேலியாவில் குண்டகாய் என்னும் ஊருக்கு அருகே, உணவுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து காவல் காக்கும் நாய் ஒன்றுக்கு 1932-ஆம் ஆண்டில் சிலையே வைத்துவிட்டார்கள். மாட்டு வண்டி பூட்டி அந்த நாட்டைக் கடந்த முன்னோர்களுக்கு அது ஞாபகச் சின்னமாம்!

மாட்டு வண்டியும் நாயும் நமக்குப் புதிதல்லவே? வண்டியின் நிழலில் ஓடும் நாய், வண்டியைத் தானே இழுப்பதாக நினைத்துக்கொள்ளுமென்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே சென்ற மாசி மாதத்தில், வாடகைக்கு ஒரு வேனை அமர்த்தி, மணி என்கிற எங்கள் நாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். எங்கே என்கிறீர்களா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வழியாகப் பழவேற்காட்டுக்கு!

சிநேகிதர்கள் சிரித்தார்கள். "எண்ணூருக்குப் போவதும் ஒரு யாத்திரையா?" என்றார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது அந்தப் பாதையில் போய் ஓர் இரவு தங்கியதில்லை. தெரியாத தேசம் என்பது தூரத்தில்தான் இருக்க வேண்டுமா, என்ன?

ராயபுரம் ரயில் நிலையத்தை விடியுமுன் கடந்தோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பெருமையை நினைத்துப் பூரிக்க அவகாசமில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் களை கட்டியிருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்த சிறுவர்கள், "எந்தப் படம் அண்ணா ஷூட்டிங்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். நம் நாட்டில் கேரவன் என்றால் உள்ளே சினிமா நட்சத்திரம் இருக்க வேண்டும்! ஜன்னலில் மணியின் முகம் தெரிந்ததும் அவர்களுக்கு உண்டான ஏமாற்றத்தை என்னவென்று சொல்ல!

அப்புறம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெயினர் லாரிகள் மலைத்தொடர்போல் நின்றன. நாயுடன் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சாலையில் கழுத்துப் பட்டையும் கயிறும் இல்லாமல் நாயைக் கீழே இறக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் நடத்தாதீர்கள். உங்கள் காலில் செருப்பு உண்டு. அதன் காலில் இல்லை.

திருவொற்றியூரில் கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அங்கே நின்றபோது பத்திரகிரியார் கதை நினைவுக்கு வந்தது. அரசைத் துறந்து பட்டினத்தாரின் சீடரானவர் அவர். திருவிடைமருதூரில் குருநாதர் ஒரு கோபுர வாசலிலும் சீடர் மற்றொரு வாசலிலும் இருந்தார்களாம். பிச்சை கேட்டு வந்த ஒருவனிடம் பட்டினத்தார், "அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைப் போய்க் கேள்" என்றாராம். சீடரிடம் இருந்த ஆஸ்தி ஓர் ஓடும் ஒரு நாயுந்தான்! ஓடும் நாயும் இருந்தால் துறவியே சம்சாரி என்றால், அடுப்பும் படுக்கையும் நாயுமாய் வந்திருக்கும் நாங்கள் யார்? இந்தக் கேள்விக்கு விடை எண்ணூரில் கிடைத்தது.

சாயங்காலம் முகத்துவாரத்தை அடைந்தோம். கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கலந்து கடலை நோக்கும் இடம் அது. 1806-ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது அந்தக் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுத்து அதை நீட்டினார்கள். 1878-ஆம் ஆண்டில் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஆந்திர தேசத்திலிருந்து இவ்வழியே வந்தன. கோலூன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் ஓட்டி வந்த படகோட்டிகள், படகிலேயே பொங்கித் தின்று படகிலேயே உறங்கினார்கள். நம் நாட்டின் கேரவன் அதுதான்! அந்தப் போக்குவரத்து நின்று பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது எதிர்க்கரையில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன.

வண்டி நின்றதுதான் தாமதம். நாங்கள் தடுப்பதற்குள் மணி சேற்றில் பாய்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது நான்கு காலும் முழங்கால் வரை கறுப்பு! வெறும் சேறல்ல, பிசின்போல் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க அது பரவிற்று. நாயோ காலை நக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டு அம்மாள் கலங்கிப்போனாள்.

ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்துவிட்டுக் கரையேறிய ஒரு மூதாட்டி இதைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தாதேம்மா, போவாது. வாயை வைக்க வுடாதே. இரு, வர்றேன்" என்று சொல்லிப் போனவள், சிறிய சீசாவில் தேங்காயெண்ணெயுடன் வந்தாள். எண்ணெயைத் தடவித் துணியால் வழித்தாள். பிறகு சோப்புப் போட்டாள். அரை மணியில் மணியின் கால் பழைய நிறத்துக்கு வந்தது.

"இந்த வைத்தியம் உங்களுக்கு எப்படித் தெரியும், ஆயா?" என்று கேட்டோம்.

"நாங்க தெனம் இதுலதானே எறங்குறோம்? எங்க காலு கத்துக்குடுத்துச்சு" என்றாள். அதில் கோபமும் இல்லை, புகாரும் இல்லை.

2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்த முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும் பத்திரிகையில் படித்து, "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்கள்தாமே நாங்கள்? எங்கள் நாயின் காலில் ஒட்டிய பிறகுதான் அது எங்கள் மனத்தில் ஒட்டியது.

இன்னொன்றையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வண்டியின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. இருட்டியதும் குழாயைத் திறந்து அந்த ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். 'ஏற்கனவே கெட்ட தண்ணீர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?' என்பது எங்கள் நியாயம். இந்த ஆற்றைக் கெடுத்தவர் ஒவ்வொருவரும் இதே நியாயத்தைத்தானே சொல்லியிருப்பார்கள்! அன்றிரவு யாரும் குழாயைத் தொடவில்லை. மறுநாள் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காட்டு ஏரியின் அழகைக் கண்ணாரக் கண்டு, தொட்டி தளும்பத் தளும்பவே வீடு திரும்பினோம்.

வழிப்போக்கனுக்குப் பாத்தியதை இல்லை; பொறுப்பும் இல்லை. ஆனால் வீட்டோடும் நாயோடும் வருகிறவன் வழிப்போக்கன் அல்ல. தங்குகிற ஊரிலெல்லாம் ஓர் இரவுச் சம்சாரி. அந்த ஊர்த் தண்ணீரில் அவனுக்கும் பங்குண்டு. பட்டினத்தார் குறையாகச் சொன்ன அந்தப் பட்டத்தை நாங்கள் தலை வணங்கி ஏற்றுக்கொண்டோம்.

சீசாவைத் திருப்பிக் கொடுத்தபோது பணமும் நீட்டினோம். ஆயா வாங்கவில்லை. "நாய்க்கு ஏது காசு?" என்று சிரித்துவிட்டு, இறால் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மணி அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது.