சீமையில் சைக்கிள் மிதிக்கப் போறீங்களா?

நரிக்குடிப் பக்கத்துத் தம்பதியர் என்னிடம் வந்தார்கள். மகன் ஜெர்மனியில். படுக்கை, அடுப்பு உள்ள வேனில் போய், டான்யூப் நதியோரம் சைக்கிள் ஓட்டப் போகிறார்களாம். பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் சமதளம். "நம்ம வெயில்ல மிதிக்காததா, வைத்தியரய்யா?" என்றார் அவர்.

அங்கேதான் ஏமாந்து போவோம்! நம்ம ஊர் வெயில் நாக்கை வறட்டித் தண்ணீர் கேட்க வைக்கும். குளிர்காற்றில் தாகம் தெரியாது. வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது இளஞ்சூடான சீரகத் தண்ணீர் குடியுங்கள்.

வேனில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் காலில் இரத்தம் தேங்கி உறையலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கும்படி சீட்டை வையுங்கள். சீட் தாழ்ந்தால் மூட்டு வலிக்கும்.

அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய்; மாத்திரை சாப்பிடுகிறார். இப்படிப்பட்டவர்கள் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம். கை நடுங்கி, குப்பென வியர்த்தால் உடனே நிறுத்திக் குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். மாத்திரை அளவைப் புறப்படுமுன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவரிடம் கடைசியாகச் சொன்னேன்: "குளுக்கோஸ் உங்க சட்டைப் பையிலயும் இருக்கட்டும். அம்மாவை விட்டுட்டு முன்னால போயிராதீங்க!"