தடுப்பூசியா, இயற்கை எதிர்ப்பு சக்தியா? கணக்குப் பார்த்துச் சொல்வோம்!



“மண்ணில் புரண்டு வளரும் பிள்ளைக்கு ஊசி எதற்கு? நோய் ஒருமுறை வந்து போனால் உடம்பு தானே பழகிக்கொள்ளும்” என்ற பேச்சு நம் லாங் பஜாரில் அடிக்கடி காதில் விழுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பல பெற்றோர்கள் பின்வாங்கினார்கள். கொரோனா காலத்தில் இதே வாதம் இன்னும் பலமாகக் கிளம்பியது.

பருப்பு விலை கேட்க வருகிறவர் இதையும் நம்மிடம் கேட்கிறார். நாம் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் ஒரு வார்த்தை நாலு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. எனவே வரவு செலவு இரண்டையும் பார்த்துத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

இயற்கை எதிர்ப்பு சக்தி பொய்யா?

பொய்யல்ல. தட்டம்மை வந்து பிழைத்தவருக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அது மறுபடி வருவதில்லை. இதை நம் பாட்டிமார்களும் அறிவார்கள். ஆனால் எல்லா நோயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இதற்குச் சான்று தேட நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் வேலூரிலேயே இருக்கிறது.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது ரோட்டா வைரஸ். இது இயற்கையாக வந்து போனால் எவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். டாக்டர் ககன்தீப் காங் இக்குழுவில் முக்கியமானவர். சின்னல்லாபுரம், கஸ்பா போன்ற பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் 373 பேரை மூன்று வயது வரை விடாமல் கவனித்தார்கள். முடிவு 2011ல் உலகப் புகழ் பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று.

ஆறு மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கிருமி தொற்றிவிட்டது. ஒருமுறை வந்த பிள்ளைக்கே மறுபடி மறுபடி தொற்றியது. மூன்று முறை தொற்றிய பிறகும், நோய் ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ வராமல் தடுக்கும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோ நாட்டில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுக்கு அதற்கு மேல் அப்படிப்பட்ட நோய் வரவில்லை. அங்கே செல்லுபடியான கணக்கு இங்கே செல்லவில்லை. நம் ஊரில் கிருமியின் வகைகளும் அதிகம், தொற்று வரும் வேகமும் அதிகம்.

79 பெரிதா, 56 பெரிதா?

இயற்கையிடமிருந்தே பாடம் கற்றுப் பிறந்ததுதான் ரோட்டாவாக் என்ற இந்தியச் சொட்டு மருந்து. 1980களில் டெல்லி மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகளுக்கு ஒரு வகை ரோட்டா கிருமி தொற்றியது. அக்குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. அதோடு, பின்னாளில் கடும் வயிற்றுப்போக்கிலிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அந்தக் கிருமியைக் கொண்டே மருந்து தயாரானது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று ஊர்களில் 6,799 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. முதல் வயதில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 56 சதவீதம் தடுத்தது. 2016ல் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. பிறகு தமிழகத்துக்கும், மெல்ல நாடு முழுவதற்கும் வந்தது.

“79ஐ விட 56 குறைவுதானே?” என்று கணக்குத் தெரிந்த வியாபாரி உடனே கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 79ஐ வாங்கக் குழந்தை மூன்று முறை கிருமியிடம் சிக்க வேண்டும். முதல் முறை சிக்குவதோ, உடம்பில் தண்ணீர் வற்றினால் தாங்காத கைக்குழந்தைப் பருவத்தில். 56 என்பது 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் சொட்டில், நோய்க்கு முன்பே கிடைக்கும் வரவு. விலை கேட்காமல் சரக்கு எடுப்பவர் நம்மில் யாரும் உண்டா?

மருந்திலும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் முதலில் வந்த ரோட்டா மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் நேர்ந்ததால் 1999ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த அனுபவத்தால்தான் பின்வந்த மருந்துகளில் இந்த ஆபத்தைத் தனியாகக் கண்காணித்தார்கள். குறை கண்டால் சரக்கைத் திரும்பப் பெறுவது ஒழுங்கான வியாபாரத்தின் அடையாளம் அல்லவா?

வந்தாலும் பழகாத நோய்

நம் தொழிலுக்கு நெருக்கமான நோய் ஒன்றுண்டு. கோணி ஊசி குத்துவதும், தகர டின் கிழிப்பதும், பெட்டி ஆணி ஏறுவதும் மண்டியில் அன்றாடம் நடப்பவை. அந்தக் காயத்தில் ரண ஜன்னிக் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்குக் கூட எதிர்ப்பு சக்தி உண்டாவதில்லை. அவரும் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். “இயற்கையே போதும்” என்ற வாதம் இங்கே முழுக்கத் தோற்றுவிடுகிறது.

போலியோவும் அப்படியே. கிருமி தொற்றுவோரில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கை கால் முடங்கும். மீதிப் பேர் “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். அந்த ஒருவர் யார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணை சொட்டு போதாது என்று 1970களிலேயே எடுத்துக்காட்டியவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான். தவணைகள் கூடின. 2011 ஜனவரியோடு காட்டுப் போலியோ நம் நாட்டில் நின்றது. 2014 மார்ச் 27ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கொரோனா இரண்டாம் அலையிலும் சி.எம்.சி. தன் ஊழியர்களிடமே கணக்கெடுத்தது. இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதப் பாதுகாப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலையிலிருந்து 94 சதவீதப் பாதுகாப்பு. ஊசி போட்டும் தொற்று வந்தது உண்மை. உயிர் காத்ததும் உண்மை.

நாம் செய்ய வேண்டியவை

தடுப்பு மருந்து மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. நல்ல தண்ணீரும் கழிவறையும் கை கழுவும் பழக்கமும் இல்லாத இடத்தில் எந்த மருந்துக்கும் பலன் குறையும். ஆகவே:

1. கடையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு என்ற அளவைக் கேட்பவருக்குச் சொல்லுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை சோர்ந்தால் உடனே மருத்துவமனை.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம். பெரும்பாலும் புதன்கிழமை போடுகிறார்கள். கைக்குழந்தை உள்ள பணியாளருக்கு அன்று அரை நாள் விடுங்கள், கூலி பிடிக்காதீர்கள்.

3. சுமை தூக்குவோருக்கும் மண்டி ஆட்களுக்கும் ரண ஜன்னி ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். பத்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

4. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள். சந்தேகம் கேட்பவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எடைக்கல்லில் தவறு செய்தால் வாடிக்கையாளருக்குச் சில ரூபாய் நஷ்டம். வாய்ச்சொல்லில் தவறு செய்தால் ஒரு குழந்தையையே இழக்க நேரிடும். இரண்டிலும் சரியாக அளந்து கொடுப்போம்!