மதிப்பும் எண்ணிக்கையும்: ஆரம்பக் கணிதப் பயிற்சியொன்று பற்றிய சில சமூகவியற் குறிப்புகள்

ஆரம்ப வகுப்புகளின் கணித நூல்களிலே ஒரு பயிற்சி தவறாது இடம்பெறுகின்றது. தாளொன்றில் முக்கோணிகளோ வட்டங்களோ சதுரங்களோ சிதறலாக வரையப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்து எத்தனை இருக்குமென மதிப்பிட்டு எழுதும்படியும், பின்னர் எண்ணி எழுதும்படியும் பிள்ளை பணிக்கப்படும். ஆசிரியர்களுட் பலர் இதனைப் பாடத்திற்கு முன்னான விளையாட்டாகவே கருதிக் கடந்துவிடுகின்றனர். எண்ணினால் விடை கிடைத்துவிடும். அவ்வாறாயின் மதிப்பிடுவதனாற் பயன் யாது என்பது அவர்களின் வினா. அது நியாயமான வினாவே. அதற்கு விடை காண வகுப்பறையை விட்டுச் சிறிது தொலைவு செல்லவேண்டியுள்ளது.

பயிற்சியின் இயல்பை முதலில் நோக்குவோம். ஒரு தாளில் 47 முக்கோணிகள் உள்ளன எனக் கொள்வோம். பயிற்சி பெறாத பிள்ளை 'நூறு' என்னும், அல்லது 'இருபது' என்னும். அதற்குத் தெரிந்த பெரிய எண் அதுவாக இருக்கலாம். பயிற்சி பெற்ற பிள்ளை வேறு விதமாகத் தொழிற்படுகின்றது. தாளின் ஒரு மூலையிற் பத்து உருக்களை மாத்திரம் எண்ணி, அப்பத்தும் அடைத்துள்ள இடத்தைக் கண்ணால் அளந்து, அதைப் போல் ஐந்து இடங்கள் தாளில் அடங்கும் எனக் கண்டு, 'ஐம்பது' என எழுதுகின்றது. அதன் பின்னர் பத்துப் பத்தாக வளையமிட்டு எண்ண, நான்கு பத்துகளும் ஏழு ஒன்றுகளும் கிடைக்கின்றன. வேறுபாடு 3. இம்மூன்று ஒரு பிழையன்று. ஐம்பதை அண்டிய தொகையில் மூன்று சிறிது. ஒன்பது உருக்களில் மூன்று பிசகினால் அது பெரிது. விகிதம் என்ற கருத்து, அப்பெயரை அறியாத வயதிலேயே, இவ்விடத்திற் பிள்ளையின் மனத்தில் வேர் கொள்கின்றது. பத்துகளும் ஒன்றுகளுமான இடப்பெறுமானத்தையும் அந்த வளையங்களே கண்ணுக்குக் காட்டுகின்றன.

ஆனால் நடைமுறையில் நிகழ்வது பெரும்பாலும் வேறு. பிள்ளை முதலில் இரகசியமாக எண்ணி 47 எனக் கண்டுகொண்டு, மதிப்பீட்டுக் கட்டத்திலும் 47 என எழுதிவிடுகின்றது. அல்லது எண்ணி முடித்ததும் முன்னர் எழுதிய 50ஐ அழித்துவிடுகின்றது. மதிப்பீட்டுக்கும் 'சரி', 'பிழை' எனப் புள்ளியிடும் வகுப்பறையில் இது இயல்பே. ஒத்துப்போவதற்கே பரிசு எனின் பிள்ளை ஒத்துப்போகக் கற்றுக்கொள்ளும். அழிக்கப்பட்ட அந்த ஐம்பதே பயிற்சியின் உயிர்நாடி. அது இல்லாதவிடத்து எஞ்சுவது வெறும் எண்ணல்.

கண்ணால் மாத்திரம் தொகையறியும் ஆற்றலுக்கு எல்லையுண்டு என்பதனை 1871இல் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் ஒரு பெட்டியினுள் அவரை விதைகளை எறிந்து தம்மையே சோதித்துக் காட்டினார். மூன்று, நான்கு விதைகளில் அவர் பிசகவில்லை. ஐந்திலிருந்து பிசகு தொடங்கியது. தொகை ஏற ஏறப் பிசகும் ஏறியது. பண்டத்தின் பெறுமதியை உழைப்பிலிருந்து பிரித்து நுகர்வோனின் மனநிறைவிலே தேடிய அதே ஜெவன்ஸ்தான் இவர். பொருளியலில் அவரோடு நாம் உடன்படாவிடினும் அவரது விதைகளோடு பிணக்கில்லை. நெருக்கமாக அடுக்கிய வரிசையிலும் அகல விரித்த வரிசையிலும் ஒரே தொகை இருப்பினும், சிறு பிள்ளைகள் நீண்ட வரிசையையே 'கூட' என்பர் என ஜீன் பியாஜே 1941இல் வெளிவந்த நூலில் விளக்கினார். இடம் வேறு, தொகை வேறு எனப் பிரித்தறிவது பிறவியிலேயே வருவதன்று. செய்து பார்த்துப் பெறுவது.

தமிழ் மரபிலே இத்தகைய செய்முறைக்கு முன்னுதாரணம் உண்டா? உண்டு. காரி நாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம், நிலம், பொன், நெல், அரிசி எனப் புழங்கு பொருள்களின் கணக்குகளைச் செய்யுளில் வகுத்துரைக்கும் நூல். அதிற் பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் தொகையை அறிவதற்கு ஒரு சூத்திரம் உள்ளது. காம்பைச் சூழவுள்ள சிறு முட்களை எண்ணுக, ஆறினாற் பெருக்குக, ஐந்தினால் வகுக்க. முட்கள் 50 எனிற் சுளைகள் 60. முட்கள் 100 எனின் 120. நாட்டுப்புற வேடிக்கையாகவே பலர் இதனை எடுத்துக்காட்டுவர்; 'பழந்தமிழர் விஞ்ஞானம்' என மேடையிற் பெருமை கொள்வோரும் உளர். இரு நிலைப்பாடுகளும் பொருளைத் தவறவிடுகின்றன. பலாப்பழம் தனிப் பூவின் கனியன்று. ஒரு மஞ்சரியின் எண்ணற்ற பூக்கள் ஒன்றாய்த் திரண்ட கூட்டுக்கனி. புறத்திலே தெரியும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகின்றது. கருவுறாதது சுளைகளுக்கிடையே நாராகக் கிடக்கின்றது. எனவே முள்ளுக்கும் சுளைக்கும் தொடர்புண்டு என்ற நோக்கு மெய்யானது. அத்தொடர்பு எல்லாப் பழத்திலும் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சூத்திரத்தின் சிறப்பு விடையில் அன்று, அமைப்பிலே உள்ளது. எண்ணக்கூடிய சிறு பகுதியை எண்ணி, எண்ணவியலாத முழுமைக்கு விகிதத்தாற் சென்று, பின்னர் பழத்தைப் பிளந்து சரிபார்க்கலாம். ஆரம்ப வகுப்புப் பிள்ளை தாளின் மூலையிற் செய்வதும் இதுவே.

இச்சூத்திரம் எவருக்குத் தேவைப்பட்டது? தன் வளவுப் பலாவைத் தானே பிளந்து உண்பவனுக்கு அது வேண்டியதில்லை. பிளக்காத பழத்தை விலை பேசுபவனுக்கு, பங்கு பிரிப்பவனுக்கு, வரி குறிப்பவனுக்கு அது வேண்டும். 2022இல் வெளிவந்த தமது நூலில் து. செந்தில் பாபு தமிழகத்தின் கணக்கதிகாரம், எண்சுவடி, திண்ணைப் பள்ளி ஆகியவற்றை நிலவளவையும் உழைப்பும் வரியும் சந்தித்த களத்தில் நிறுத்தி ஆராய்ந்துள்ளார். கணிதத்தைப் பண்டிதரின் ஏட்டிலிருந்து வயற்கரைக்கு இறக்கிய அவ்வாய்வு, இலக்கியமும் வரலாறும் பயில்வோர் அனைவரும் படிக்கவேண்டியது.

களத்துமேட்டிலே இவ்வுறவு துலக்கமாகின்றது. சூடடித்துத் தூற்றிய நெல்லைக் களத்திலே 'பொலி' என்பர். அளக்கத் தொடங்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்று சொல்லி, பின்னரே 'இரண்டு', 'மூன்று' எனத் தொடர்வர். பொலியைப் பார்த்த மாத்திரத்திலே இத்தனை புசல் தேறும் எனச் சொல்லும் முதியவர்களை வன்னியின் எந்தக் குளத்துக் கிராமத்திலும் காணலாம். அவர்களது கண் ஆண்டுதோறும் அளவையால் திருத்தப்பட்ட கண். சொன்னதும் அளந்ததும் ஒரே நாளில், ஒரே களத்தில், எல்லோர் முன்னிலையிலும் ஒப்பிடப்பட்டன.

பிரித்தானிய ஆட்சியின் நெல்வரி இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. வரி தண்டும் உரிமை பல பகுதிகளில் ஏலத்தில் விற்கப்பட்டது. குத்தகைக்காரன் வயலிலே நிற்கும் பயிரைப் பார்த்து விளைச்சலை மதித்தான். அம்மதிப்பின்மேல் அரச பங்கு குறிக்கப்பட்டது. அவன் கூட்டியும் கமக்காரன் குறைத்தும் மதிப்பதே இயல்பு; ஆனால் இருவருள் ஒருவனின் மதிப்புக்கே அதிகாரம் இருந்தது. மதிப்பவன் வரும்வரை அறுவடை செய்யவியலாது காத்திருந்து பயிரை இழந்தோரும் உண்டு. பின்னர் பணமாகச் செலுத்தும் முறை வந்தபோது, 1880களிலே வலப்பனைப் பகுதியில் வரிநிலுவைக்காகக் கமக்காரரின் வயல்கள் விற்கப்பட்டமை பெரும் கண்டனத்துக்குள்ளாகியது. 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. மதிப்பீட்டின் பின் எண்ணிக்கை வராதவிடத்து, மதிப்பீடே எண்ணிக்கையின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகின்றது. களத்து முதியவரின் கண்ணும் குத்தகைக்காரனின் கண்ணும் ஒரே பயிரைத்தான் பார்த்தன. உற்பத்தி உறவே அவ்விரு பார்வைகளையும் வேறாக்கியது.

இருபதாம் நூற்றாண்டிலே வங்காளத்தில் பி. சி. மஹலனோபிஸ் போன்றோர் வளர்த்த மாதிரி ஆய்வு முறை, எழுமாறாகத் தெரிந்த சிறு துண்டு நிலத்தை அறுத்து நிறுத்து, முழு விளைச்சலை மதிப்பிடுவது. யாருடைய துண்டு அறுக்கப்படும் என்பதை ஒருவரது விருப்பம் தீர்மானிப்பதில்லை என்பதே அதன் வலிமை. பலாக்காம்பின் சூத்திரத்துக்குக் கிடைக்காதிருந்த காவல் அது.

இனி வற்றாப்பளைக்கு வருவோம். நந்திக்கடலின் மேற்குக் கரையை அண்டிய இக்கிராமத்திற் கண்ணகை அம்மன் கோயில் உள்ளது. உப்பு நீரில் விளக்கெரிக்கும் மரபினாற் பெயர்பெற்ற கோயில் அது. வைகாசி மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் நிகழும் பொங்கலுக்கு வன்னியெங்குமிருந்து மக்கள் திரள்வர். மறுநாட் பத்திரிகைகள் 'இலட்சக்கணக்கான' அடியார்கள் என எழுதும். இச்சொல்லை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்கு இருவர் எனக் கொண்டால், 100 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் உள்ள வெளியில் 10,000 பேர் நிற்பர். ஒரு இலட்சம் பேர் ஒரே வேளையில் நிற்க 50,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு ஏக்கர் வேண்டும். 1960களிலே பேர்க்கிலி மாணவர் ஆர்ப்பாட்டங்களின் புகைப்படங்களை ஹேர்பேர்ட் ஜேக்கப்ஸ் கட்டங்களாகப் பிரித்து மதிப்பிட்ட முறையும் இதுவே. ஆயினும் பொங்கலன்று மக்கள் வருவதும் போவதுமாக இருப்பர். ஒரு வேளையில் நிற்போரின் தொகையும் நாள் முழுவதும் வந்தோரின் தொகையும் ஒன்றல்ல. எனவே பத்திரிகையின் சொல் பொய்யென இக்கணக்கு நிறுவாது. எதனைக் கேட்கவேண்டும் என்பதை மாத்திரம் அது காட்டுகின்றது.

அதே நந்திக்கடலின் மறுகரையிலே முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ப் பகுதியில் அகப்பட்டிருந்தோர் எத்தனை பேர் என்பதற்கு இரு மதிப்பீடுகள் இருந்தன. அரசாங்கம் பெப்ரவரியில் ஏறத்தாழ 70,000 என்றது. அப்பகுதியிலிருந்த அரச நிருவாகத்தினரின் தொகையோ மூன்று இலட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 2,80,000 பேர். இங்கு 'வேறுபாடு' என்பது கொப்பியில் எழுதும் இலக்கமன்று. உணவும் மருந்தும் மதிப்பீட்டின்படியே அனுப்பப்படுபவை. வழங்கலை மட்டுப்படுத்துவதற்காகவே தொகை வேண்டுமென்று குறைத்துக் கூறப்பட்டதென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இற் கருதியது. அரசாங்கம் அவ்வறிக்கையை நிராகரித்தது. இறந்த குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்கவியலாது என்றும், தக்க விசாரணையே சரியான தொகையைத் தரும் என்றும் அக்குழு எழுதியது. வரம்பையும் கூறி, எண்ணப்படவேண்டியதையும் வற்புறுத்தியமையால், மதிப்பீட்டின் இலக்கணத்துக்கு அது இயைந்தது.

2011 ஜனவரியிலே மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது வேறு வகையானது. அது ஒரு கழித்தல். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380, எஞ்சுவது 1,46,679. இத்தொகை இறந்தோரின் தொகையாகவே பலராலும் எடுத்தாளப்படுகின்றது. அவர் கேட்டதோ அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையே. இரு தொகைகளுள் ஒவ்வொன்றும் தன் பிசகை உடையது. கழிக்கும்போது பிசகுகள் கழிவதில்லை. இதனைச் சொல்வது கேள்வியைச் சிறுமைப்படுத்துவதாகாது. விடையளிக்கும் கடமை பதிவேடுகளை வைத்திருப்போருடையது.

எண்ணுவதற்கு இடமளிக்கப்படாத போதும் மதிப்பிடும் வழிகள் உள. நந்திக்கடலில் எத்தனை மீன் என எவரும் எண்ணவியலாது. நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுக. பின்னர் மீண்டும் நூறு பிடிக்க. அவற்றுள் இருபது அடையாளமுடையனவாயின், பிடிபடுவது ஐந்திலொரு பங்கு. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 500. பட்டியல்களுக்கும் இது பொருந்தும். வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே தொகுத்த பெயர்ப்பட்டியல்களில் எத்தனை பெயர்கள் பொதுவாக வருகின்றன என்பதைக் கொண்டு, எந்தப் பட்டியலிலும் ஏறாதோரின் தொகையை ஊகிக்கலாம். 2009 மே மாதத்தில் வட்டுவாகலிற் சரணடைந்து காணாமற் போனோர் ஏறத்தாழ 500 பேர் என 2018இல் வெளிவந்த ஆய்வொன்று இம்முறையிலேயே மதிப்பிட்டது.

இம்முறைக்கும் பிசகுண்டு. மீனின் அடையாளம் உதிர்ந்துவிட்டால் மொத்தம் மிகைப்படும். பட்டியல்களிலே அடையாளம் உதிர்வது எழுத்துக்கூட்டலால். ஒரே ஆளின் பெயர் ஒன்றிலே தந்தையின் முதலெழுத்தோடும், வேறொன்றிலே ஆங்கில எழுத்திற் சிதைந்தும், மற்றொன்றிலே வீட்டுப் பெயராகவும் வரும். இருவரா ஒருவரா என்று கணக்காளர் தீர்க்கவியலாது; வயதையும் ஊரையும் தாயின் பெயரையும் கேட்டு, அக்குடும்பத்தை அறிந்த ஒருவர் பக்கத்திலிருந்தே பட்டியலைத் திருத்தவேண்டும்.